திருநீறு பூசிய ஆயர்

நாளை உங்கள் திவசம். வெள்ளிச் சாமான்களை மினுக்கலாம் என்று திருநீற்றுப் பையோடு குசினியில் இருந்தேன். விரலில் திருநீறு பட்டதுமே கை நின்றுவிட்டது. எழும்பிப் போய் உங்கள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, மிஞ்சிக் கிடந்த ஒற்றைக் காசை எடுத்தேன்.

ஜெர்மனியில் அகதியாக இருந்த நாட்களில், ஒரு பழஞ்சாமான் சந்தையில் உங்களுக்குப் பிடித்த பழங்காசுப் பைத்தியம் அது. முன்னொரு காலத்தில் அங்கே ஊர்களை ஆண்ட கத்தோலிக்க ஆயர்களும் மடாதிபதிகளும் அடித்த வெள்ளிக் காசுகள். தகடு அவ்வளவு மெல்லிசு, ஒரு பக்கம்தான் அச்சு. திருப்பினால் அதே ஆயர் குழிந்துபோய்த் தெரிவார். இந்த ஸ்பிரிங்வேல் வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிறு பின்னேரங்களில் அவற்றோடுதான் உங்கள் குடித்தனம். மூச்சை அடக்கிக்கொண்டு தொடுவீர்கள். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்த எனக்குப் பொறாமைதான், இப்போது சொன்னால் என்ன.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, கன்னங்கரேலென்று கிடந்த ஓர் ஆயரை எடுத்துத் திருநீறு போட்டுத் தேய்த்தேன், சந்தனக் கிண்ணத்தை மினுக்குவதுபோல. மனிதர் பளபளத்தார். விளிம்பில் வெடிப்பும் விழுந்தது. அந்தக் கறுப்புத்தான் பழங்காசுக்கு மதிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் கையில் வாங்கி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தீர்கள். நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"அழாதையும். பிஷப்புக்கே திருநீறு பூசிப்போட்டீர், உம்மை என்ன செய்யிறது?" என்றீர்கள். பிறகு காசை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி, "வெள்ளிதானே, திரும்பக் கறுக்கும். கன வருசம் எடுக்கும். ரெண்டு பேருமா இருந்து பாப்பம்," என்றீர்கள்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடியே போன மாதம் காசுகளைப் பழங்காசு சேர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். வந்தவர் எல்லாவற்றையும் பஞ்சில் பொதிந்து எடுத்தார். நான் தேய்த்த இந்த ஆயரை மட்டும் தள்ளி வைத்தார். "மினுக்கிப் பழுதாக்கினதாம் அம்மா. அவருக்கு வேண்டாமாம்," என்றாள் மகள். எனக்கு வந்த சந்தோசத்தை அவளுக்குக் காட்டவில்லை.

இன்று அதை யன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆயரின் மூக்கடியிலும் கைத்தடியின் வளைவிலும் கறுப்பு ஏறியிருக்கிறது.

"இஞ்சாருங்கோ, கறுத்திட்டுது," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"வாட் அம்மா?" என்று மகள் அறைக்குள் இருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

திருநீற்றைத் திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். நாளை உங்கள் படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் கறுத்தபடியே இருக்கும்.