கண்ணாடிக்கு உள்ளே வைத்த சோறு

மச்சான்,

இன்று காலை மில்லிக்கன் பகுதியில் உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மரக்கறிப் பைகளை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். கிருமிநாசினியின் அந்தப் பழைய நெடி மூக்கில் ஏறியது. மூலையில் உன் இறப்பர் பூட்ஸ். மாரடைப்பில் நீ போன பிறகு பண்ணையில் உன் லொக்கரைக் காலியாக்கியபோது கழுவி ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். எறியவும் மனமில்லை, வீட்டுக்குள் கொண்டுபோகவும் துணிவில்லை. அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. இன்று உன் முதலாம் வருட ஆட்டைத் திவசம்.

ஒன்பது வருடம் ஒரே காரில், மார்க்கம் நகரைத் தாண்டி அந்த முட்டைப் பண்ணைக்குப் போய்வந்தோம். கோழிக் கொட்டகை வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருக்கும். அதில் பூட்ஸை நனைத்துத் தேய்க்காமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஒரு கோழிக்குப் பறவைக் காய்ச்சல் வந்தாலும் கொட்டகை முழுவதையும் அழித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். உனக்கு அதிலும் ஒரு பகிடி. நம் கலியாணங்களில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் சகோதரன் கழுவி மோதிரம் வாங்குவானே, அந்த மாப்பிள்ளை மிடுக்கோடு காலை நீட்டுவாய்.

"கழுவடா மச்சான். மோதிரம் பிறகு தாறன்."

நானும் குனிந்து தேய்த்துவிடுவேன். ஒன்பது வருடத்தில் ஒரு மோதிரமும் வரவில்லை, கஞ்சன்.

பிறகு உன் அப்பாவின் திவசம் வந்தது. ஒரு சனிக்கிழமை. வீட்டுப் பின்புற மரத்தள டெக்கில் வாழையிலைத் துண்டில் சோறும் கறிகளும் வைத்துவிட்டு, "கா, கா" என்று நீ கூப்பிட்டாய். நான் சமையலறை வாசலில் நின்றேன். காகம் ஒன்று வந்தது. பறந்து வரவில்லை, தள்ளாடி நடந்து வந்தது. கழுத்து ஒரு பக்கம் திருகியிருந்தது. சோற்றைத் தொடாமல் உன் காலடியில் சரிந்தது. நீ வெறுங்கையால் அதைத் தூக்கி, மடியில் வைத்து, அலகில் தண்ணீர் விட்டாய்.

"மச்சான், விடு! அதைத் தொடாதை!" என்று கத்தினேன்.

"அப்பா தண்ணி கேக்கிறார்டா," என்றாய். அது உன் கையிலேயே செத்தது.

உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தேன். நகரசபைக்கு அழைத்தேன், ஆட்கள் வந்து காகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை நமக்கு வேலை. வாசலில் என்னை வழியனுப்பும்போது மெல்லச் சொன்னாய்: "கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டன். பண்ணையில ஒருத்தருக்கும் சொல்லாதை."

நான் தலையாட்டினேன். மறுநாள் பண்ணை மேலாளருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

உன்னை இரண்டு கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். காகத்துக்குப் பறவைக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. சுகாதாரப் பகுதியினர் உனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நாள்தோறும் விசாரித்தார்கள். நல்லகாலம், உனக்கும் ஒன்றும் வரவில்லை, கோழிகளுக்கும் வரவில்லை. ஆனால் நீ என்னைப் போனில் அழைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "காட்டிக்குடுத்துப்போட்டாய்."

வேறு ஊர்க்காரர் இதைக் கேட்டால் ஒரு சாதாரணக் கோபம் என்று நினைப்பார்கள். போர்க்காலத்தில் ஊரில் உன் அண்ணனைக் கொண்டுபோனது ஒரு தலையாட்டி, இராணுவத்துக்கு ஆளைக் காட்டிக்கொடுப்பவன். முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்த எவனோ ஒருவன், வரிசையில் நின்ற உன் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் பிறந்த நீ அந்தச் சொல்லை எனக்குச் சொன்னாய். எனக்கு வலித்தது. கோபமும் வந்தது. சரியானதைச் செய்தவனுக்கு இதுவா கூலி என்று நான் வீறாப்பாக இருந்துவிட்டேன்.

நீ வேலைக்குத் திரும்பியபின் தனிக் காரில் வந்தாய். குளிர்காலம் முழுவதும் அப்படித்தான். தொட்டியில் உன் பூட்ஸை நீயே தேய்த்துக்கொண்டாய். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் காலை, நான் தொட்டியருகே நிற்கிறேன், என் முன்னால் ஒரு கால் நீண்டது. நிமிர்ந்து பார்க்காமலே குனிந்து தேய்த்தேன்.

"நீ சொன்னது பிழையில்லை," என்றாய். "அவ்வளவு கோழியும் உள்ளுக்கு இருக்கேக்க நான் வாயைப் பொத்தச் சொன்னதுதான் பிழை. ஆனால் சொல்லத்தான் வேணுமெண்டா, எனக்குச் சொல்லிப்போட்டுச் சொல்லியிருக்கலாமடா."

நான் மற்றக் காலையும் தேய்த்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வசந்தத்தில் பண்ணைக் குளத்துக்குக் காட்டு வாத்துகள் வந்தன. நம்மோடு வேலை செய்த ஒருவன், அவற்றைச் சுட்டால் நோய் வராது என்று எல்லோரையும் கிளப்பிவிட்டான். நீ உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவனோடு மல்லுக்கு நின்றாய். பிறகு என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாய்: "உந்த வாத்துகள் என்ன பாவம் செய்ததுகள்? அதுகளும் செத்துக்கொண்டுதானே இருக்குதுகள். தீனியை வெளியில சிந்தி விருந்துக்குக் கூப்பிட்டது நாங்கள். அதுகளின்ர எச்சத்தை மிதிச்சு உள்ளுக்குக் கொண்டுபோறது எங்கட சப்பாத்து." அன்று முதல் தீனித் தொட்டிக்கு அடியில் சிந்தியதை ஒரு தானிய மணி விடாமல் கூட்டினாய். கூரையோர வலையில் சிட்டுக்குருவி நுழையும் ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தாய். பொறுக்க ஒன்றும் கிடைக்காத வாத்துகள் கொட்டகைப் பக்கம் வருவதை விட்டுவிட்டன. சுடும் பேச்சும் அடங்கியது.

இன்று உன் வீட்டுக்குள் போனபோது உன் மனைவி ஏற்கெனவே டெக்கில் இலை போட்டுச் சோறு வைத்திருந்தாள். இந்தக் கிழமையும் அருகில் உள்ள பூங்காவில் பறவைகள் செத்துக் கிடந்ததால், தீனி போடவேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அவள் கண் கலங்கி நின்றாள். பேசாமல் பின்பக்கமாகப் போய் இலையை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய புத்தி. பிறகு அவள் முன்னால் போய் நின்றேன்.

"தங்கச்சி, நான் உந்தச் சோத்தை உள்ளுக்கு எடுக்கப்போறன். உங்களுக்குச் சொல்லிப்போட்டு எடுக்கிறன்."

அவள் இலையைக் காட்டினாள். "அண்ணை, இருந்த காலத்திலும் அவர் ஆருக்கும் ஒரு வாய் வைக்காமல் சாப்பிட்டதில்லை."

"தெரியும். வெளியில வைச்சால் பத்துப் பறவை ஒரு இலையில கூடும். ஒண்டுக்கு வருத்தமெண்டாலும் எல்லாத்துக்கும் தொத்தும். அவருக்கு அது பிடிக்காது."

அவள் அழுதாள். அழுதுகொண்டே டெக் கதவின் கண்ணாடிக்கு உள்பக்கம் பாயை விரித்தாள். நான் இலையை எடுத்துவந்து அதில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். இருவரும் இலைக்குப் பக்கத்தில் இருந்தோம்.

நெடுநேரம் கழித்து வேலியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. நல்ல சுகமான, மினுங்கும் காகம். தலையைச் சாய்த்து, கண்ணாடி வழியாக இலையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அது நீதானா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அன்று தொட்டியருகே விழுங்கியதை வாய்விட்டுச் சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு உனக்குச் சொல்லாமல் சொன்னது என்ர பிழை. இண்டைக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்தனான்."