உள்ளங்கை லாரிக்குச் சிவப்பு கலந்த கதை

மாப்ளே,

எவனும் நம்பப்போகாத கதை ஒன்றை எழுதப் போகிறேன் என்று நம் ஊர் பந்தல்குடி வெயில்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். இன்று அலமாரியைத் துடைக்கும்போது உன் சிவப்புப் பெயிண்ட் குப்பி உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. ஏழு ஊர்ப் பயில்வான்கள் வந்தாலும் அசையாத மூடியை ஒற்றைக் கையால் திருகினேன். உள்ளே பெயிண்ட் இல்லை, ரப்பர் மாதிரி ஒரு தோல். புளித்த கஞ்சி போல அந்த வாசம் மட்டும் மிச்சம்.

உன் நுரையீரல் கைவிட்டு, நீ லாரியை விற்று, வாங்கியவர் அதற்கு நீலம் அடித்துவிட்ட வருஷம் நாம் வாங்கிய குப்பி அது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, அதே லாரியை உள்ளங்கை அளவில் செய்திருந்தாய். நிறம்தான் பாக்கி. "அதே செவப்புல ஒரு தடவ பாத்துட்டாப் போதும் மச்சான்" என்றாய். டாக்டர் சொன்ன கெடுவை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசம் உனக்கு ஆகாது. அதனால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட். காற்றால் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷுக்கு அது பால் பதத்தில் இருக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

"எந்தப் பாலு? எருமைப் பாலா, டீக்கடைப் பாலா?" என்றேன்.

நீ மூச்சு வாங்க வாங்க யோசித்தாய். "நம்ம டீக்கடைப் பாலு. அதுலதான் தண்ணி பாலத் தேடிக்கிட்டுத் திரியும்."

முதலில் போர் தண்ணீரை ஊற்றினோம். அதில் துவைத்த சட்டை கொடி இல்லாமலே நின்று காயும், அவ்வளவு உப்பு. பெயிண்ட் தயிராய்த் திரிந்து ஏர்பிரஷ் முனையை அடைத்துக்கொண்டது. கொசுவின் கடைசிப் பேரன்கூட ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் அந்தத் துளையில். நாலு யானை கட்டி இழுத்துச் சுத்தம் செய்தேன். கேன் தண்ணீருக்கு மாறினோம். அடுத்து காற்று. திருச்சுழிப் பக்கமிருந்து வந்த அனலில், பெயிண்ட் லாரியில் போய் விழுவதற்குள் நடுவழியிலேயே காய்ந்தது. தொட்டால் உப்புத்தாள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினோம்.

என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, உள்ளே வந்து கத்தினாள். "அண்ணே, அவுக மூச்சுக்கே காத்து பத்தல. நீங்க ஃபேன அமத்திட்டு பொம்மைக்குக் காத்தடிக்கிறீக!"

"ஏய், பொம்மைங்காத" என்றாய் நீ. "ரோட்டுல ஓட எஃப்.சி. வாங்குன வண்டி."

கலவைதான் நம்மைத் தோற்கடித்தது. கடைச் சிவப்பு கல்யாண வீட்டுச் சேலையாய் மினுங்கியது. உன் லாரியோ தூத்துக்குடி ரோட்டு வெயிலை வருஷக்கணக்கில் குடித்து வெளுத்த சிவப்பு. வெள்ளை ஒரு சொட்டு, காவி ஒரு சொட்டு விட்டோம். ஈரத்தில் பார்த்தால் அச்சு அசல் அதே வண்டி, ஹாரன்கூட அடிக்கும். காய்ந்ததும் கறுத்து ஆட்டு ஈரலாகிவிடும். இன்னும் வெளுப்பாய்க் கலந்தால் ரோஸ் பல்பொடி. துடைப்போம், மறுபடி கலப்போம். ஒவ்வொரு தடவையும் நீ உட்கார்ந்திருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசிப் பூச்சு காய்ந்தபோது உன்னால் எழ முடியவில்லை. லாரியை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"சேந்திருச்சா மச்சான்?"

உன் கண்ணுக்கு அப்போது எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் பொய் என் வாய் வாசலில் வரிசை கட்டி நின்றன. ஒன்றும் நகரவில்லை.

"சேரல மாப்ளே."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பாயிற்று. "நீ வாயத் தொறந்து நெசம் சொன்னதா சரித்திரமே இல்ல. அப்பச் சேந்திருச்சு." லாரியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். விடிந்தபோது நீ இல்லை.

உனக்கப்புறம் நான் தனியாகவும் கலந்து பார்த்தேன். ஈரமாய் இருக்கும்வரை உன் வண்டி, காய்ந்ததும் யாருடையதோ. இனி கலக்கவும் ஒன்றுமில்லை. உன் அந்தச் சிரிப்பை மட்டும் சுமந்து திரிகிறேன், இறக்க இடம் கிடைக்காத லோடு மாதிரி.

இதில் முக்கால்வாசி என் வாய்க்கொழுப்பு, தள்ளிவிடு. சின்னதாய் ஒன்று மட்டும் நெசம், இப்போதாவது நம்பு: நிறம் சேரவில்லை மாப்ளே.