எந்த வேண்டாம்?

சுஹைப்,

குழந்தை தாலாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அப்படியே பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன். மேசையில் ரொட்டியும் ஸாத்தர் மூலிகைப் பொடியும் மூடி வைத்திருக்கிறேன். பரீட்சை நாளில் ஸாத்தர் தின்றால் படித்தது மறக்காதாம். உன் அம்மா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார். பரீட்சைக்கு அம்மான் நகரம் போகும் பஸ் ஒன்பது மணிக்கு. சாவியை மேல்வீட்டில் கொடு.

நேற்று உன் இங்கிலீஷ் பரீட்சைக்கு நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, “நர்ஸ் வேலைக்கு நான் அயர்லாந்து போகட்டுமா?” என்றாய். “வேண்டாம்” என்றேன். உடனே வாத்தியார் மாதிரி, “எந்த வேண்டாம்? மஸ்ட் நாட்டா, டோன்ட் ஹாவ் டூவா? போகவே கூடாதுங்கறியா, இல்ல கட்டாயம் இல்லைங்கறியா? மாத்தி எழுதினா மார்க் போயிடும் லுப்னா” என்று சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதான் சாப்பாட்டுத் தட்டை அப்படி டங்கென்று வைத்தேன்.

நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. நான் என்ன செய்ய?

நீலச் சட்டையைத் தேய்த்துவிட்டேன். அடையாள அட்டை அதன் பையில்.

இன்னொன்று. உன் நோட்டில் அந்த இரண்டையும் எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டிருந்தாய். ‘கூடாது’வில் டிக் போட்டேன், அழித்தேன். மற்றதில் போட்டேன், அதையும் அழித்தேன். தாள் கிழிந்துவிட்டது.