முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குழாய்

பி.வி.சி. குழாயை ரம்பத்தால் அறுக்கும்போது எழும் கருகல் நெடி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. நான்காம் முறை வேண்டுமென்றே கழுவவில்லை. இன்று பிற்பகல், உம்முடைய காரில் அடித்தொனி எழுப்பும் சப்வூஃபர் பெட்டிக்குக் குழாய் அறுத்து முடித்தேன். இதை முதலில் உமக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரக்கிறது.

நம் முதல் பெட்டியை நீர் மறந்திருக்க மாட்டீர். பாடகர் குழுவில் ஆர்கனை ஒட்டியே நின்று பாடியவர் நீர். "கோயில்ல அந்தக் கடைசிக் கட்டைய மிதிச்சா பெஞ்சு நடுங்குதுல்லா, அது வண்டியில வரணும் வே" என்பது ஒன்றே உம் கோரிக்கை. அந்தச் சுருதி முப்பத்துமூன்று ஹெர்ட்ஸ். பெட்டியின் கொள்ளளவும் அதில் செருகும் குழாயின் நீளமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கும் என்று, இயற்பியல் கற்பிக்கிறவன் என்ற உரிமையில், மூன்று தாள்களில் கணக்கிட்டேன். விடையைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டமும் போட்டேன்.

பெட்டி எந்தப் பாட்டுக்கும் ஒரே இடத்தில் குமுறியது; ஆர்கன் சுருதியில் வாயடைத்துக்கொண்டது. நீர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்.

"கணக்கெல்லாம் சரிதான் வே. உள்ள ஸ்பீக்கர் காந்தமும் குழாயும் குடியிருக்கே, அதுகளுக்கு எடம் கழிச்சீரா?"

கழிக்கவில்லை. ஏரலில் உம் மரக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களைவிட உரக்கச் சிரித்தவன் நான்.

இரண்டாம் பெட்டியை நீர் தனியாகவே செய்தீர். குழாயின் ஒரு முனையில் விரிந்த வாயை உம் கையாலேயே ஒட்டி, தொலைபேசியில் அழைத்தீர். "நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர் விட்டுருக்கேன். அறுக்க அறுக்கச் சுருதி ஏறும். ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சதும் வாரும், பைய அறுப்போம்." அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன், கல்லறைத் தோட்டத்துக்கு. வெள்ளிக்கிழமையே உம் இதயம் நின்றுவிட்டது.

எட்டு மாதங்களாக உம் மகள் அந்தப் பெட்டியை யாரையும் தொடவிடவில்லை. கடந்த கிறிஸ்துமஸ் ஆராதனையை அவள் பதிந்து வைத்திருக்கிறாள். ஆர்கனும் நீரும் அதில் இருக்கிறீர்கள். "அப்பா செஞ்ச பெட்டியிலதான் அதக் கேக்கணும், நீங்களே முடிச்சுத் தாங்க மாமா" என்றாள். குழாய் கடையில் கிடைக்கும். உம் கை ஒட்டிய குழாய் இது ஒன்றுதான். தவறாக அறுத்தால் அதுவும் போயிற்று.

காந்தம், குழாய் இரண்டையும் கழித்து இம்முறை நான் கண்ட விடை முப்பத்தாறு. பெட்டியை மல்லாத்தி, ஸ்பீக்கரின் கூம்பில் உம் வழக்கப்படி நான்கு அரிசியைப் போட்டு, முப்பத்துமூன்று ஹெர்ட்ஸ் ஒலியை விட்டேன். அரிசி துள்ளியது. சுருதி பொருந்தும்போது கூம்பு அடங்கும், குழாய் மூச்சுவிடும் என்பது உம் பாடம். உருவி, அரை சென்டிமீட்டர் அறுத்து, மீண்டும் செருகினேன். துள்ளல் குறைந்தது. நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டில் குழாயை மறுபடியும் உருவக் கை வைத்தேன்.

"நிறுத்துங்க மாமா! அரிசி அசையல!"

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கேம்மா."

"உங்க கணக்கு அப்பாவுக்குத் தெரியாதா? கையக் காட்டிப் பாருங்க."

குழாயின் வாயில் கை வைத்தேன். உள்ளங்கையில் காற்று மோதியது. முப்பத்தாறில் அறுத்திருந்தால்? ரம்பத்தை எட்டி வைத்தேன். பிழை எங்கே என்று அறியாமல் விட முடியாதவன் நான். ஸ்பீக்கரைக் கழற்றி, டார்ச் அடித்தேன். பக்கப்பலகைகள் அதிராதிருக்க, நீர் குறுக்கே இரண்டு தேக்குக் கட்டைகளை அடித்திருந்தீர். என்னிடம் சொல்லவே இல்லை. ஒன்றின் மேல் பென்சிலால் நீள அகலமும், கீழே உம் கோணல் எழுத்தில் ஒரு வரியும்: "இதையும் கழிச்சிரும் வே."

சின்னப் பிள்ளையைப் போல அவள் முன் நின்று அழுதேன். பிறகு இருவரும் சிரித்தோம். பெட்டியை டிக்கியில் ஏற்றி, ஆற்றங்கரைச் சாலையில் பதிவை ஒலிக்கவிட்டாள். முதலில் நீர் தொண்டையைச் செருமினீர். பிறகு ஆர்கனின் அந்தக் கடைசிக் கட்டை. காதுக்கு எட்டுமுன் இருக்கையில் ஏறி, முதுகெலும்பில் நின்றது. பின்புறக் கண்ணாடியில் வயல்கள் நடுங்கின. "வந்துட்டு மாமா!" என்று அவள் ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

அறுத்தெடுத்த கடைசி வளையம் என் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய தாளை எடுத்தேன். சிவப்புக் கட்டத்தை அடித்துவிட்டு, அதன் கீழ் எழுதினேன்: இரண்டு கட்டைகள், கழித்தாயிற்று வே.