மச்சானின் பாக்டீரியாக்களுக்கு வினிகர்

பிப்ரவரி 10, திங்கள்
மதியம் சாம்பாரில் ஆரம்பித்த தம்பி புராணத்தை என் மனைவி ஜோதி மேரி மோர் வரை நிறுத்தவில்லை. டோனி சிதம்பரத்தில் பேசினானாம், கைதட்டினார்களாம். நான் கடலூரில் வேலை செய்கிறேன். இங்கே யாரும் கைதட்டுவதில்லை.

புவனகிரிப் பக்கம் ஓர் ஊர். கடலைக்குப் போட்ட யூரியா நிலத்தடி நீரில் இறங்கி, நைட்ரேட் அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கலக்கினால் குழந்தைக்கு உடம்பு நீலம் பாயலாம். ஊராட்சி எனக்கும் டோனிக்கும் மேல்நிலைத் தொட்டியின் கீழ் இடம் கொடுத்திருக்கிறது. என்னுடையது ரெசின் மணிகள் நிரப்பிய உருளை: நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு குளோரைடை விடும், நிறைந்ததும் உப்புத்தண்ணீரால் கழுவ வேண்டும். டோனியுடையது கூழாங்கல் தொட்டி. அதில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வெறும் காற்றாக்கிவிடும். கூலி, வினிகர். ஈஸ்டருக்கு முன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனி வேலையை விட்டு நான் சொந்தமாகச் செய்த முதல் இயந்திரம் இது. வீட்டுக்குத் திரும்பி வந்தால் எங்கே வைப்பேன்?

பிப்ரவரி 17
தலைவர் இசைவாணி பெண்களை அழைத்துவந்தார். ரெசினைக் கையில் எடுத்துக் காட்டினேன்.

"ஜவ்வரிசி மாரியே இருக்குது. பாயசம் வெக்கலாமா சார்?" என்றாள் ஒருத்தி.

பிறகு எல்லோரும் டோனியின் தொட்டிக்குப் போனார்கள். "ஒரு கல்லுல கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க" என்றான். ஒரு கூட்டமே வாயைப் பிளந்தது. என் ரெசின் மணிகளையும் எண்ணினால் கோடியைத் தாண்டும். யார் எண்ணுகிறார்கள்?

பிப்ரவரி 26
சோதனை முடிவு. லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம். என் தண்ணீரில் 19. அவனுடையதில் 17. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 3
தொட்டிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் சிங்காரம் வழிமறித்தார். "கழுவுன உப்புத்தண்ணிய எங்க ஊத்துறீங்க? நம்ம முருங்க பக்கம் வந்துடக் கூடாது, சொல்லிட்டேன்."

கேனில் பிடித்துக் கடலூருக்கே கொண்டுவருகிறேன். வீட்டுக் கொல்லைப்புறம் கேன்களால் நிறைகிறது. பிடித்த நைட்ரேட் முழுவதும் அதில்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், நான் நைட்ரேட்டை ஒழிக்கவில்லை, குடிபெயர்க்கிறேன். ஒழிப்பது அவன். இதை வேறெங்கும் எழுதமாட்டேன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்
தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டேன். பொறாமையையும் விடலாமா என்று யோசித்தேன். இறைச்சியே போதும் என்று தோன்றியது.

மார்ச் 12
டோனி ஐதராபாத் மாநாட்டுக்குப் போகிறான். என்னை யாரும் திண்டிவனத்துக்குக்கூட அழைத்ததில்லை. அவன் தொட்டிக்கு வினிகர் விடும் பம்ப் பழுது.

"மாமா, நீங்கதான் பாத்துக்கணும். காலையில ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை."

"பட்டினி கெடந்தா செத்துடுமா மச்சான்?"

"சாவாது மாமா. சும்மா இருக்கும். நைட்ரேட் அப்படியே வெளிய வந்துடும்."

சும்மா இருந்தாலே நான் ஜெயித்துவிடுவேன். கேட்டிருக்கக் கூடாது.

மார்ச் 14
ஊற்றினேன். ஆனால் ஒரு குவளை கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்தது. தம்பியின் பாக்டீரியாவை வீட்டுக்காரர் பட்டினி போட்டார் என்று ஜோதி மேரி ஆயுசுக்கும் சொல்வாள். மனைவி வீட்டு ஆட்களுக்கு ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறியவன் எவன் நிம்மதியாக இருந்தான்? மேலே இன்னொன்று ஊற்றினேன். தவக்காலத்தில் எங்கள் குடும்பத்தில் வயிறாரச் சாப்பிடுவது அவை மட்டும்தான்.

மார்ச் 16
இசைவாணியின் போன். "சார், டோனி தம்பி கொழாயத் தொறந்தா அழுவுன முட்ட நாத்தம்! யாரும் கிட்ட போவல."

ஓடினேன். குழாயை மூடினேன். நைட்ரேட் தீர்ந்த பின்னும் வினிகர் மிச்சம் இருந்தால், வேறு கிருமிகள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் வாடைதான் இது. படித்திருக்கிறேன். படித்தது கையில் குவளை இருந்தபோது நினைவுக்கு வரவில்லை. வரவில்லையா, நான் வரவிடவில்லையா?

மார்ச் 17
என் குழாயில் வரிசை. "அந்தப் பூச்சித் தொட்டிய எடுத்துடச் சொல்லிடலாம் சார். உங்களுதே போதும்" என்றார் இசைவாணி. இந்த வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

டோனி ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக வந்தான். தொட்டியை முகர்ந்தான், வினிகர் கேனைத் தூக்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஊராரிடம், "என் டிசைன்லதாங்க தப்பு" என்றான்.

படுபாவி. பெருந்தன்மையிலும் எனக்கு முன்னால் போய்விட்டான்.

மார்ச் 20
பெருந்தன்மையை அவன் ஒருவனே வைத்துக்கொள்ள விடமுடியாது. ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து, வினிகரை இரட்டிப்பாக ஊற்றியது நான்தான் என்றேன்.

இசைவாணி சிரித்துவிட்டார். "விருந்தாளிங்கன்னு ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டீங்களா சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் நாற்றம் கண்ட குழாயில் இனிக் குடிக்கமாட்டோம் என்றார்கள். என்னுடையது நிற்கும். டோனியுடையது போகும்.

ஜெயித்தேன். ஜோதி மேரி இரவு எனக்கு மோர் ஊற்றவில்லை.

மார்ச் 22
டோனி கற்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் பேசாமல் வந்திருப்பேன்.

"மச்சான், தொட்டிய வண்டியில ஏத்தாத" என்றேன். "என் உப்புத்தண்ணியில இருக்குற நைட்ரேட்ட அதுங்க தின்னுமா?"

நிமிர்ந்தான். "உப்பு பழவணும் மாமா. நாளாவும். ஆனா தின்னும்."

"அப்போ என்னுதுக்குப் பின்னாடி வையி. என் மெஷின் பாதி வேலைதான் செய்யுது."

சொல்லிவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சிங்காரம் மட்டும், "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்" என்றார்.

மே 5
உப்புத்தண்ணீரில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை. அதே தண்ணீரால் ரெசினைத் திரும்பக் கழுவுகிறோம். குடிதண்ணீரில் 16.

பண்ருட்டிப் பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் பார்க்க வந்தார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு என் உருளை பக்கத்தில் நின்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோரும் பின்பக்கம் போய்விட்டார்கள். நானும் போனேன்.

ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இது யாருது சார்?"

டோனி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "எங்களுது."