வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூச வேண்டாம்

வணக்கத்திற்குரிய அப்பா அவர்களுக்கு, மகள் பணிவுடன் எழுதுவது. தாமதத்தைப் பொறுத்தருள்க. தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

இங்கே நீர்வள அலுவலகத்தில் வேலையோடு கற்றுக்கொண்ட கணினியில், இவ்வூர் ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீர் ஊறும் விதத்தைக் கணித்தேன். கணக்கில் வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசியதும் கிணறுகள் வற்றின. அவற்றை நிரப்புவதே வாய்க்காலின் கசிவுதான். மேலதிகாரி சிரித்தார்: "ஒழுகுறத அடைச்சா தண்ணி மிச்சம்னு ஊரே சொல்லுது, நீ மட்டும் கிணறு காயும்ங்கிறியேம்மா!" நானும் சிரித்துவைத்தேன்.

நம் வாய்க்காலுக்கும் சிமெண்ட் வேண்டுமெனத் தாங்களே அலைந்து அனுமதி பெற்றீர்கள். நம் மண்ணும் இதே மணல்தான். வேலையைத் தொடங்கவிடாமல் நிறுத்திவையுங்கள், அப்பா. "காலேஜ் வாசலை மிதிக்காதவ சொல்றா, இவரும் கேக்குறாரு" என்று சித்தப்பா நக்கலடிப்பார், அடிக்கட்டும்.

கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்த்து எழுதவும். அம்மாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லவும். எழுத்துப்பிழை இருந்தாலும் பாதகமில்லை. வேலை தொடங்குமுன் பதில் போடுங்கள்.