மூன்று வருடப் படிப்பும் ஒரு வீட்டுவரி ரசீதும்

ஜூலை 12, 1984, வியாழன்

விடியும்போதே புழுக்கம். கறுப்புக் கோட்டில் கைப்பக்கம் தையல் விட்டிருந்தது, தைத்தேன். நாளை திண்டிவனம் கோர்ட். தனியாக நான் வாதாடும் முதல் ஜாமீன் மனு. சீனியருக்கு நாளை கடலூரில் வேலை. குமாஸ்தா கோதண்டமும் அவரோடு. "சின்ன கேஸுதாம்மா, நீயே பாத்துடு" என்றார் சீனியர்.

கட்சிக்காரர் ஏழுமலை. மயிலம் பக்கம், மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கை முறிந்துவிட்டது. இவர் ஒரு வாரமாகச் சப்-ஜெயிலில். ஞாயிறு தங்கை அஞ்சலைக்குக் கல்யாணம். அப்பா இல்லை, தாரை வார்க்க வேண்டியவர் இவர்தான். அடுத்த வாரம் ஆடி. தள்ளிப்போடவும் வழியில்லை.

அவர் மனைவி செல்வி ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாள்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடுவாருங்களா?"

"கண்டிப்பா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

சாயங்காலம் தனிமனித சுதந்திரம் பற்றிக் குறிப்பு எடுத்தேன். ஐந்து பக்கம்.

ஜூலை 13, வெள்ளி

7.10 பஸ். விக்கிரவாண்டி வரை நின்றுகொண்டே.

ஐந்து பக்கத்தில் அரைப் பக்கம்கூடப் பேசவில்லை. மாஜிஸ்திரேட் கையைத் தூக்கினார். "போதும்மா. ஜாமீன் குடுத்தாச்சு. ரெண்டு ஜாமீன்தாரர் வேணும். வந்திருக்காங்களா?"

வந்திருந்தார்கள். ஏழுமலையின் மாமாவும், பக்கத்து வீட்டுக்காரரும்.

"சொத்து இருக்குன்னு காட்ட வீட்டுவரி ரசீது?"

இல்லை. கொண்டுவரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

மாமா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்தாந்திருப்பேங்க. பொட்டியிலதான் கெடக்குது."

இரண்டு பேரும் பஸ் பிடித்து ஊருக்கு ஓடினார்கள். ரசீதோடு திரும்பியபோது மணி ஆறேகால். கோர்ட் கதவில் பூட்டு. நாளை இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை.

மூன்று வருடம் சட்டக் கல்லூரி! மஞ்சள் பூத்த நோட்டைப் பார்த்து வாத்தியார்கள் வாசித்தார்கள், நாங்கள் எழுதினோம். ரோமாபுரிச் சட்டம் தெரியும் எனக்கு. இறையாண்மை என்றால் என்ன, நாலு விதமாகச் சொல்லுவேன். குற்றவியல் நடைமுறையில் முதல் வகுப்பு மார்க். பாடம் நடத்தியவர்களில் ஒருவராவது ஜாமீன் வாங்கிக் கொடுத்திருப்பாரா? சாப்பிடவில்லை.

ஜூலை 14, சனி

காலை ஆறு மணிக்குக் கோதண்டம் வீட்டு வாசலில். லுங்கியோடு வந்தார். எட்டாவது வரை படித்தவர்.

"என்னாம்மா, ரசீது கேக்கலியா? அதானம்மா மொத வேல. காலேஜில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

மாட்டார்கள்.

"லீவு நாள்லயும் மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனா சில பேரு ஏத்துக்குவாங்க. ஜல்தியா போய்ப் பாருங்க" என்றார். போனேன். செல்வி, ஜாமீன்தாரர்கள், ரசீதுகள், எல்லாம் தயார். வீட்டில் காவல்காரர் மட்டும். "ஐயா ஊருக்குப் போய்க்கிறாரு. திங்கக்கெழமதான்."

செல்வி என்னைத் திட்டவில்லை. "கல்யாண வேல கெடக்குது, நான் போறேங்க" என்று கிளம்பிவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு? துணி துவைத்தேன். அம்மா எதற்கோ கூப்பிட்டாள், கத்திவிட்டேன். முகூர்த்தம் 9 முதல் 10.30. மாமா தாரை வார்த்திருப்பார்.

கல்லூரியில் யாரும் சொல்லித் தராதவை:
ஜாமீன்தாரரிடம் என்ன கேட்பது.
வக்காலத்தை யாரிடம் கொடுப்பது.
அழுகிறவர்களிடம் எப்படி விவரம் வாங்குவது.
தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. (இது என் குற்றமும்தான். வியாழக்கிழமையே கோதண்டத்தைக் கேட்டிருக்கலாம். வக்கீல் என்ற கொழுப்பு.)

ஜூலை 16, திங்கள்

ஜாமீன் ஏற்றார்கள். பத்து நிமிட வேலை. மூன்றரைக்கு வெளியே வந்தார் ஏழுமலை. தாடி, கசங்கிய வேட்டி. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்களாலதாம்மா வெளிய வந்தேன்."

"என்னாலதான் மூணு நாள் கூட உள்ள இருந்தீங்க. ரசீது வேணும்னு எனக்குத் தெரியல."

செருப்பைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி அழுதுக்கினே போச்சாம்" என்றார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். இரண்டாவது முறை கும்பிடவில்லை. அதுதான் நியாயம்.

ஜூலை 18, புதன்

நல்ல மழை. ஆபீஸ் கூரை ஒழுகி இரண்டு கேஸ் கட்டு நனைந்தது.

மல்லிகா என்று ஒரு பெண் வந்தாள், வளவனூர். நான் படித்த கல்லூரியிலேயே கடைசி வருடம். கையில் பயிற்சி நோட்டு. முப்பது நாள் கோர்ட்டைக் கவனித்ததாக எழுதி, சீனியரின் கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள். ஒரு நாள்கூட வந்ததில்லை. இன்னொருத்தி நோட்டைப் பார்த்து எழுதியது, எழுத்துப் பிழை உட்பட. போன வருடம் இதே மேஜை முன்னால் இதே நோட்டோடு நின்றவள் நான். சீனியர் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிப் போனேன்.

இன்றும் அவர் பேனாவைத் திறந்தார். நான் நோட்டை இழுத்துக்கொண்டேன்.

"என்னம்மா இது?"

"கோர்ட்டுக்கு வரட்டும் சார். வந்த நாளுக்கு மட்டும் போடுங்க."

"காலங்காலமா நடக்கறதும்மா. இது யாரு ஆபீஸு?"

"உங்க ஆபீஸுதான் சார். ஏழுமலையும் உங்க கட்சிக்காரர்தான்."

என்னைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, காப்பி குடிக்கப் போனார். நாளை என்னை வரச் சொல்வாரோ, மாட்டாரோ.

மல்லிகா அழுகிற மாதிரி நின்றாள். "பேஜாரு பண்ணாதீங்கக்கா. நோட்டு குடுக்க திங்கக்கெழம கடைசி நாளு."

"நாளைக்கு என்கூட 7.10 பஸ். திண்டிவனம் கோர்ட்."

குடையை விரித்துப் போய்விட்டாள். நோட்டு என் பையில்.